ஏசியில் கேஸ் நிற்கவில்லை: தேவனாம்பட்டினம் நண்பருக்கு

வணக்கம். கடற்கரைக்குப் பக்கத்து வீடு, மூன்று வருட ஏசி, ஒரே வருடத்தில் இரண்டு முறை கேஸ் நிரப்பியும் குளிர்ச்சி இல்லை, புதிது வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் மறுபடி நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அலுமினியத் தகடுகளைத் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்கிறதா? கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் அப்படித்தான் உதிர்ந்தது. செம்புக் குழாயும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். அந்த நிலை என்றால் காயிலை, அதாவது அந்தத் தகடும் குழாயும் சேர்ந்த பகுதியை, மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரியுங்கள். புது ஏசியின் பாதி விலையைத் தாண்டினால் பழையதை விட்டுவிட்டுப் புதிதே வாங்கலாம்.

தகடு நன்றாக இருந்தால், குழாய் இணைப்பு நட்டுகளில்தான் எனக்குச் சந்தேகம். மெக்கானிக்கிடம் குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தமாக அடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவச் சொல்லுங்கள்; ஓட்டை இருந்தால் குமிழி விடும். சரிசெய்த பிறகு வேக்கம் போட்டு, அதாவது குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி தராசு வைத்து கேஸ் நிரப்ப வேண்டும். தராசு இல்லாமல் வருபவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

அப்புறம், மாதம் ஒருமுறை அவுட்டோரை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். உப்பு போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.