புதுப் பயிற்சியாளர் வந்த ஒரே வருடத்தில் இந்தியானா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி எப்படி மாறியது?

முதலில், இது நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

2023-இல் இந்தியானா 12 ஆட்டங்களில் வென்றது வெறும் 3. அடுத்து வந்தவர் கர்ட் சிக்னெட்டி. "நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே வந்த மனிதர். வாய்ச்சவடால் என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அவர் தனியாக வரவில்லை. முன்பு பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கூடவே வந்தார்கள். இப்போது மாணவ வீரர்கள் கல்லூரி மாறினாலும் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை. என் பார்வையில் ரகசியமே இதுதான்: அவர் முறையை ஏற்கெனவே அறிந்தவர்களை வைத்தே தொடங்கினார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க்கும் ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்தான்.

2024-இல் முதல் 10 ஆட்டங்களும் வெற்றி. பிறகு ஒஹையோ ஸ்டேட்டிடம் (இது ரூர்க் படித்த ஒஹையோ இல்லை, வேறு பல்கலைக்கழகம்) 15–38 என்று அடி. அடுத்த ஆட்டத்தில் மீண்டும் வெற்றி. சாம்பியனைத் தீர்மானிக்கும் தேசியப் பிளேஆஃப் தொடரின் முதல் சுற்றில் நோட்ர டேமிடம் 17–27 தோல்வி. மொத்தம் 11 வெற்றி, 2 தோல்வி.