கனடா விசா மறுப்பும் பெடரல் நீதிமன்ற மீளாய்வும்: கேள்வி பதில்

கேள்வி: என் தாயாருக்கு வருகையாளர் விசா மறுக்கப்பட்டுவிட்டது. நீதிமன்றம் போய் வென்றால் விசா கிடைத்துவிடுமா, ஐயா?

பதில்: நேரடியாகக் கிடைக்காது. உங்கள் தாயார் விசாவுக்குத் தகுதியானவரா என்பதை நீதிபதி முடிவு செய்வதில்லை. அதிகாரியின் முடிவு நியாயமானதா, விசாரித்த முறை நேர்மையானதா என்பவற்றையே அவர் பார்ப்பார். நீங்கள் வென்றால் வழக்கமாக மறுப்பு ரத்தாகி, விண்ணப்பம் வேறோர் அதிகாரியிடம் செல்லும். அவரும் வேறு காரணம் காட்டி மறுக்க இடமுண்டு.

கேள்வி: தங்கும் காலம் முடிந்ததும் நாடு திரும்புவேன் என்பதில் திருப்தி இல்லை என்று மட்டுமே கடிதத்தில் உள்ளது. இந்த ஒரு வரியை வைத்து எப்படி வாதாடுவது?

பதில்: அது எல்லோருக்கும் போகும் அச்சடித்த வாசகம். உண்மையான காரணங்கள், ஜிசிஎம்எஸ் எனப்படும் கணினிக் கோப்பில் அதிகாரி எழுதிவைக்கும் குறிப்புகளில் இருக்கும். காரணங்கள் எழுத்தில் கிடைக்கவில்லை என்று மனுவில் தெரிவித்தால், நீதிமன்றமே அவற்றை விசா அலுவலகத்திடம் கேட்டுப் பெறும். 2019 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் வாவிலோவ் வழக்கில் வகுத்த அளவுகோலே இன்றும் இதற்கு அடிப்படை: முடிவுக்கு வந்த வழி, கோப்பில் உள்ள சான்றுகளோடும் சட்டத்தோடும் பொருந்தி, படிப்பவருக்கு விளங்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கணவரின் வேலைக் கடிதம், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி ஆகியவை இணைக்கப்பட்ட விண்ணப்பத்தில், "சொந்த நாட்டில் குடும்பப் பிணைப்பு போதாது" என்று மட்டும் குறிப்பு இருந்தால், அந்தச் சான்றுகளை அதிகாரி கவனிக்கவே இல்லை என்று வாதாட வலுவான இடமுண்டு. குறிப்பு சுருக்கமாக இருப்பது மட்டும் குற்றமாகாது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்ப்பவரிடம் நீண்ட விளக்கத்தை நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அதிகாரி எழுதாத காரணத்தை அரசுச் சட்டத்தரணி பின்னர் நீதிமன்றத்தில் இட்டுக்கட்ட முடியாது. மறுக்கப்பட்டவருக்கு இது பெரிய பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எத்தனை நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும்?

பதில்: முடிவு கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்டிருந்தால் 60 நாட்கள், உள்ளே என்றால் 15 நாட்கள், முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. மறுபரிசீலனை கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: அந்த மின்னஞ்சல் இந்தக் கெடுவை நிறுத்தாது. மனுக் கட்டணம் 50 கனேடிய டொலர். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முதலில் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற வேண்டும். அதை நீதிபதி பெரும்பாலும் ஆவணங்களை மட்டும் பார்த்தே தீர்மானிப்பார். அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீடு கிடையாது.

கேள்வி: அப்போது இணைக்கத் தவறிய வங்கி அறிக்கையை இப்போது நீதிமன்றத்தில் கொடுக்கலாமா?

பதில்: பொதுவாக முடியாது. அதிகாரியின் முன் இருந்தவற்றையே நீதிபதி பார்ப்பார். உங்கள் விண்ணப்பத்தில்தான் குறை என்றால், புதிய விண்ணப்பமே விரைவான வழி.

கேள்வி: மனைவியை ஸ்பான்சர் செய்தேன்; மறுத்துவிட்டார்கள்.

பதில்: குடும்ப வகுப்பு ஸ்பான்சர் என்றால் முதலில் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லுங்கள், கெடு 30 நாட்கள். அங்கே புதிய சான்றுகளையும் கொடுக்கலாம். அந்த உரிமை இருக்கும்போது நேரே பெடரல் நீதிமன்றம் செல்ல முடியாது.

கேள்வி: முகவர் கொடுத்த வங்கிக் கடிதம் போலியாம். எனக்கு எதுவும் தெரியாது. 5 வருடத் தடை விதித்துவிட்டார்கள்.

பதில்: தம்பி, கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின் கீழ், பொய்த் தகவல் கொடுத்ததற்காக வரும் இந்தத் தடை மிகக் கடுமையானது. முகவர் செய்ததற்கும் விண்ணப்பதாரரே பொறுப்பாளி என்பதுதான் பொதுவான நிலை. தெரியாது என்று சொல்வது மட்டும் அரிதாகவே காப்பாற்றும். ஆயினும் தடைக் காலத்தில் வழமையான புதிய விண்ணப்பம் பயன்படாததால், மீளாய்வின் அவசியம் இங்கே மிகக் கூடுதல். தடைக்கு முன், சந்தேகம் இன்னதென்று சொல்லி விளக்கம் கேட்கும் கடிதம் அனுப்பப்பட்டதா, அது எந்த ஆவணத்தைக் குறித்தது என்று விளங்கியதா, உங்கள் பதிலை அதிகாரி எடைபோட்டாரா என்று பாருங்கள். ஒன்றில் குறை இருந்தாலும் வாதத்துக்கு இடமுண்டு. குடிவரவு ஆலோசகர் பெடரல் நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. ஆகவே அந்தக் கடிதத்தையும் உங்கள் பதிலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.