செய்யாத தவறுக்கு இ-சலான் வந்தால் கட்டிவிடலாமா, எதிர்க்கலாமா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். டி.என். 23 பதிவு டூவீலர். வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ஹெல்மெட் இல்லாமல் போனதாக ஆயிரம் ரூபாய் சலான் வந்திருக்கிறது. அன்று வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. ஆயிரம்தானே என்று கட்டிவிடலாமா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

பதில்:

கட்ட வேண்டாம். அதற்காக அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

ஆயிரம் ரூபாய்க்காக யார் அலைவது என்று கட்டிவிடுகிறவர்கள் பணத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். கட்டிவிட்டால் அந்தத் தவறு உங்கள் வண்டியில் நடந்ததாகவே கோப்பு முடியும். சில குற்றங்களுக்கு இரண்டாம் முறை தொகை எகிறிவிடும். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்களை உயர்த்தியபோது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000 என்று வைத்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000, பிறகு 4,000. உங்களுடையது ஹெல்மெட் சலான், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு. அந்தப் பிரிவில் ஆயிரம் ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. செய்யாத தவறை ஏன் உங்கள் பெயரில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

முதலில் அது உண்மையான சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பாக (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்திருந்தால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம். எந்த அரசுத் துறையும் சலானை அப்படி அனுப்பாது. அதை நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு, வங்கியின் ஓ.டி.பி.யை எடுத்துக் கணக்கைக் காலி செய்துவிடும். ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே போனின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொல்லிவிட்டு, 1930-ல் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

குறுஞ்செய்தியாக வந்திருந்தாலும் அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே பிரவுசரில் திறங்கள். சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றில் எதை வைத்தும் தேடலாம். வண்டி எண்ணைக் கொடுத்தால் சேஸிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும், இரண்டும் ஆர்.சி.யில் இருக்கின்றன. அங்கே கிடைக்காவிட்டால், சலான் வழக்குகளை ஆன்லைனில் நடத்தும் விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் தமிழ்நாடு போக்குவரத்துப் பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சலான் கிடைத்ததும் முதல் வேலை படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. பிறகு தேதி, நேரம், இடம். பிறகு பிரிவு எண். பெரும்பாலானவர்கள் தொகையைப் பார்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிரிவுதான் முக்கியம். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு 177-ல் போட்டால் 500 ரூபாயோடு போகும். அதே செயலை ஆபத்தாக ஓட்டியதாக 184-ல் எழுதவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி எழுதினால் முதல் முறை 1,000, மூன்று வருடத்துக்குள் மறுபடி நடந்தால் 10,000. லைசென்ஸும் ஆபத்தில் வரும்.

உங்கள் விஷயத்தில் படம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

படத்தில் இருக்கும் வண்டியின் நம்பரே வேறாக இருந்தால், எண்ணைக் கருவியில் ஏற்றும்போது நடந்த பிழை. பி-யும் 8-ம், டி-யும் பூஜ்யமும், சி-யும் ஜி-யும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியும். நம்பர் பிளேட்டில் அலங்கார எழுத்து போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இது சுலபமாகத் தீரும்.

உங்கள் நம்பரே இருக்கிறது, வண்டி மட்டும் வேறு மாடல் அல்லது வேறு நிறம் என்றால் யாரோ உங்கள் எண்ணை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். இதை ஆயிரம் ரூபாய் விவகாரமாக நினைக்காதீர்கள். அந்த வண்டி நாளைக்கு ஒரு விபத்திலோ செயின் பறிப்பிலோ சிக்கினால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான். உடனே உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் பிறகு எல்லா இடத்திலும் பேசும்.

மூன்றாவது, வண்டியும் உங்களுடையது, எண்ணும் உங்களுடையது. அப்படியானால் வீட்டில் யார் எடுத்துப் போனார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்டால் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை, 133-வது பிரிவு. பதினெட்டு வயது ஆகாத பையன் எடுத்துப் போயிருந்தால் விஷயம் ஹெல்மெட்டோடு நிற்காது. 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் இருக்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

முதல் இரண்டில் ஒன்று என்றால் ஆதாரத்தை இன்றே சேருங்கள். சலான் பக்கத்தையும் படத்தையும் பிரின்ட் போடுங்கள். உங்கள் வண்டியை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று நம்பர் பிளேட் தெரிய மூன்று படம். ஆர்.சி. நகல். அன்று அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது என்று காட்ட எது இருந்தாலும் சரி: சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டு, ஸ்டாண்டு டோக்கன், தெருவில் உள்ள கேமராப் பதிவு. கேமராப் பதிவைத்தான் முதலில் வாங்க வேண்டும். சில நாளிலேயே பழையதன் மேல் புதியது பதிவாகி அழிந்துவிடும்.

பிறகு அதே இ-சலான் தளத்தில் புகார் பகுதிக்குப் போய், சலான் எண்ணோடு இந்தப் படங்களை ஏற்றுங்கள். கிடைக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், சலானில் குறிப்பிட்டிருக்கும் காவல் பிரிவுக்கு ஒரு மனு, அதன் நகல் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கு. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கோபத்தையெல்லாம் கொட்டினால் படிப்பவருக்கு எது பிழை என்றே தெரியாது. இந்த அளவு போதும்:

“சலான் எண் இன்னது, நாள் இன்னது. இணைப்பில் உள்ள படத்தில் இருப்பது கறுப்பு நிற ஸ்கூட்டர். என் ஆர்.சி.யில் உள்ளது சிவப்பு நிற மோட்டார் சைக்கிள். அன்று அந்த நேரத்தில் என் வண்டி காட்பாடியில் இருந்ததற்கான பதிவு இணைப்பு மூன்றில் உள்ளது. இந்தச் சலானை ரத்து செய்து எனக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.”

இங்கே எல்லை விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பழைய வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. சலான் எந்தக் காவல் நிலைய எல்லையில் போடப்பட்டதோ அங்கேதான் மனு போக வேண்டும். வண்டி எங்கே பதிவானது என்பது பொருட்டல்ல. ஆற்காட்டிலோ வாலாஜாவிலோ போட்ட சலானுக்கு ராணிப்பேட்டை மாவட்டக் காவல். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். உங்களுடையது வேலூர் நகரம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

பதில் வராமல் வழக்கு கோர்ட்டுக்குப் போய்விட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் உங்கள் வழக்கைத் திறந்தால் இரண்டு வழி காட்டும்: குறிப்பிட்ட அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு எல்லைக்குரிய நேரடி நீதிமன்றத்துக்கு மாறும். வேலூர் நகர வழக்கு என்றால் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குப் போக வேண்டிவரும். வக்கீல் கட்டாயம் இல்லை. செய்தீர்களா இல்லையா என்று நீதிபதி கேட்பார். இல்லை என்று சொல்லி ஆதாரத்தைக் கொடுக்கலாம். போனில் காட்டுவதை நம்பிப் போகாதீர்கள், எல்லாவற்றையும் தாளில் கொண்டு போங்கள். வக்கீல் வேண்டும், வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100-ல் கேட்டால் வழி சொல்வார்கள்.

கேமரா சலானுக்கு இரண்டு மூன்று சட்டப் பிடிகள் இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167ஏ விதிப்படி, கருவி பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நம்பர் பிளேட்டும் தவறும் தெளிவாகத் தெரியும் படம், இடம், நேரம், மீறிய பிரிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேகத்துக்கும் ஆபத்தாக ஓட்டியதற்கும் சட்டத்தின் 209-வது பிரிவு தனியாகவே ஒரு காப்பு தருகிறது: அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டிக்க முடியாது. உரிமையாளரின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் தாமதமானது என்பது போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. இரண்டு மூன்று வருடப் பழைய சலான் திடீரென்று வந்தால், அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் எடுத்துக்கொள்ள பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 514-வது பிரிவு தடை போடுவதைச் சுட்டிக்காட்டலாம். இவையெல்லாம் நீதிமன்றத்தில் எடுக்க வேண்டிய வாதங்கள். ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் பேசிப் பயன் இல்லை.

கட்டாமலும் எதிர்க்காமலும் விட்டால்? யாரும் நாளைக்கே வந்து பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் பாக்கிச் சலான் வாகனத் தரவில் நிற்கும். எஃப்.சி., பர்மிட், பெயர் மாற்றம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும் அன்று அது வழியை மறிக்கும். கோர்ட் சம்மனையும் மதிக்காவிட்டால் வாரன்ட் வரை போகலாம். நோட்டீஸில் ஒரு கடைசித் தேதி இருக்கும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்தத் தேதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

லைசென்ஸ் இடைநீக்க நோட்டீஸ் வந்தால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அபராதத்தைக் கட்டியதால் இது தானாக ரத்தாகாது. 19-வது பிரிவுப்படி உங்கள் பக்கத்தைக் கேட்காமல் லைசென்ஸ் அதிகாரி உத்தரவு போடக் கூடாது. ஆகவே விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் ஸ்பாட் ஃபைன் என்ற பேச்சே கிடையாது. 185-வது பிரிவு சமரசக் குற்றங்களின் (கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடிக்கக்கூடியவை) பட்டியலில் இல்லை, கோர்ட்டில்தான் முடியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டிலேயே ஏதாவது கொடுத்துத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த அபராதமானாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இன்னும் ஒரு காரியத்தை இந்த வாரமே முடியுங்கள். ஆர்.சி.யில் பதிவான செல்போன் எண் யாருடையது என்று பாருங்கள். ஷோரூமில் வண்டி எடுக்கும்போது அவர்கள் எண்ணைப் போட்டிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டியில் பழைய உரிமையாளரின் எண் இருக்கலாம். அப்படியானால் சலான் போனதே உங்களுக்குத் தெரியாது. பரிவாகன் தளத்தில் சேஸிஸ், இன்ஜின் எண்களைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். விற்ற வண்டிக்குச் சலான் வருகிறவர்களுக்கும் வேர் இதுதான்: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு புரோக்கர் கையில் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லிவிட்டது. பெயர் மாறியதைத் தளத்தில் கண்ணால் பார்க்கும் வரை வண்டி உங்களுடையதுதான்.

சித்தூர், திருப்பதி, பெங்களூரு என்று அடிக்கடி போகிறவர் என்றால் ஆந்திர, கர்நாடகப் போலீஸின் சலான் தளங்களிலும் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே நிலுவையில் உள்ளதைத் தெரியாமல் விட்டுவிட்டு, அடுத்த முறை எல்லை தாண்டும்போது வண்டியை ஓரம் கட்டச் சொன்ன பிறகு அறிந்துகொள்கிறார்கள்.

ஒருவேளை படத்தைப் பார்த்தபின் தவறு உங்கள் பக்கம்தான் என்று தெரிந்தால், ஆன்லைனில் கட்டி ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். வங்கியில் பணம் கழிந்தும் சலான் நிலுவை என்று காட்டினால் இரண்டாம் முறை கட்டிவிடாதீர்கள். அதே தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதில் சலான் எண்ணைக் கொடுத்துப் பார்த்து, மாறாவிட்டால் வங்கியின் பரிவர்த்தனை எண்ணோடு புகார் பதியுங்கள்.