சிறுநீரகம் மாற்றியவருக்கு இடுப்பு வலி: கால்சியம் வாங்குமுன்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. சிறுநீரகம் மாற்றி 8 மாதம் ஆகிறது. உடம்பு அதை எதிர்க்காமலிருக்க பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட் சாப்பிடுகிறார். மூன்று வாரமாக வலது தொடை இடுக்கில் வலி. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும் என்கிறார்களே, அதைக் குறைத்துக் கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா? தைப்பூசக் காவடிக்கு வேண்டுதல் வேறு இருக்கிறது.
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: பிரெட்னிசோனை நீங்களாகக் குறைக்கவே கூடாது, அம்மா. உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கலாம். உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மாதக்கணக்கில் மாத்திரையை நம்பியிருந்ததால், அதுவும் உடனே விழித்துக்கொள்ளாது. ரத்த அழுத்தம் சடாரென்று விழலாம்.

கேள்விப்பட்டது உண்மைதான். பிரெட்னிசோன் எலும்பு கட்டும் செல்களை முடக்குகிறது, குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றுகிறது. முதல் ஆண்டில்தான் இழப்பு அதிகம். மைக்கோஃபெனோலேட்டால் எலும்புக்குப் பெரிய கெடுதல் இல்லை.

எனக்குக் கவலை தருவது அந்த வலி. ஒரே பக்கம், தொடை இடுக்கில், ஊன்றி நின்றால் கூடுகிறது என்றால், தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வரக்கூடியது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று அனுப்பிவைத்தால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். பந்துமுனை நொறுங்கி அமுங்கினால் மூட்டையே மாற்ற வேண்டிவரும். முடிவு வரும்வரை காவடி தூக்க வேண்டாம், பால்குடமும் பாரம்தான். முருகன் காத்திருப்பான்.

இரண்டு பாதமும் முழங்காலும் ஒரே மாதிரி வலித்தால் கதை வேறு: ரத்தத்தில் டாக்ரோலிமஸ் கூடியிருக்கலாம். அதற்கான ரத்தத்தைக் காலை மாத்திரை போடுமுன் எடுக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் அந்த அளவை ஏற்றும், வீட்டிலேயே வைக்காதீர்கள்.

கால்சியம் மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள். ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சிறுநீரகம் கெட்டிருந்த காலத்தில் வீங்கியிருக்கும்; மாற்றிய பிறகும் பலருக்குப் பல மாதம் அடங்காது. எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டும். ரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருப்பவருக்கு மாத்திரையும் கொடுத்தால் புதுச் சிறுநீரகத்துக்கே ஆபத்து. முதலில் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் கேளுங்கள். டாக்டர் கால்சியம் எழுதினால், மைக்கோஃபெனோலேட்டுக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தால் சாப்பாட்டிலேயே நிறையக் கிடைக்கும். ஒரு கோப்பை மாஸில் (புளிக்கவைத்த கெட்டிப் பால்) ஏறக்குறைய 300 மி.கி. (காய்ச்சிப் பதப்படுத்திய பாலில் செய்ததாக இருக்கட்டும்.) டின் மீன் கறி வைக்கும்போது நடுமுள்ளை எடுத்துப் போடாதீர்கள், விரலால் நசுக்கினாலே மாவாகும், கால்சியம் அதில்தான். டின் மீனிலேயே உப்பு உண்டு, கறிக்குத் தனியாகப் போட வேண்டாம். உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியம் போகும். வைட்டமின் டிக்காக டர்பன் வெயிலில் உட்கார வைக்காதீர்கள். இந்த மருந்துகளோடு தோல் புற்றுநோய் அபாயம் கூடும். டி குறைவென்றால் மாத்திரை போதும்.

டாக்டரைப் பார்க்கும்வரை வலிக்குப் பனாடோ (பாராசிட்டமால்) மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்.