யாரோ ஒரு வெள்ளைக்காரர்

அன்புள்ள ஐயா,

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். சூரியக் குடும்பம் பற்றிய பாடத்தில், புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்வோமே என்று 87 சில்வியா என்ற கரிய சிறுகோளைப் பற்றிச் சொன்னேன். அதை இரண்டு குட்டி நிலவுகள் சுற்றுகின்றன என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு மாணவி எழுந்து, “இத முதல்ல யார் சார் பாத்தாங்க?” என்றாள். “யாரோ ஒரு வெள்ளைக்காரர்மா” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால் 1866இல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது என்று இருக்கிறது.

கண்டவர் ஆங்கிலேயர்தான் என்னும்போது, ஊர் சென்னை என்பதற்காக நாம் பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது? சில்வியா ஏன் அவ்வளவு கருப்பு? இந்தக் கருங்கோளைச் சித்தர்கள் பாடியிருக்கிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது, உண்மையா? என்றைக்காவது அது பூமியில் மோதுமா? கண்ணுக்கே தெரியாத கல்லைப் பற்றி இத்தனை தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

மெட்ராஸ் வானாய்வகத்தின் கதையைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அதனால் நீங்கள் கேட்டதைவிட நான் சொல்ல நினைப்பதுதான் இதில் அதிகம் இருக்கும்.

மோதாது. சில்வியா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்றரை மடங்கு தொலைவில், ஆறரை வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. மூன்று மடங்கு தூரத்துக்கு உள்ளே அது வருவதே இல்லை. மாணவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வாட்ஸ்அப் செய்தி பொய். எந்தச் சித்தர், எந்தப் பாடல் என்று அதில் இருந்ததா? பூமிக்கு நெருங்கி வரும் காலத்தில்கூட, வெறும் கண்ணுக்குத் தெரிகிற கடைசி மங்கல் நட்சத்திரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் மங்கலானது அது. தொலைநோக்கி இல்லாமல் மனிதக் கண்ணுக்கு அது படவே படாது. இயற்பியல் படித்த நீங்கள் இந்தக் கேள்வியை எனக்கு அனுப்புவதற்கு முன் உங்களிடமே கேட்டிருக்க வேண்டும். இதில் இன்னொரு வரி செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

கருப்பு பற்றிய கேள்விதான் நல்ல கேள்வி. தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றில் நான்கு பங்கைத்தான் சில்வியா திருப்பி அனுப்புகிறது. கரித்துண்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நமக்கு வெள்ளை வெளேரென்று தெரிகிற நிலாவே நூற்றில் பன்னிரண்டு பங்குதான் பிரதிபலிக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்கள். பட்டையின் வெளிப்பகுதியில் இப்படிக் கரியவைதான் அதிகம். சூரியனுக்கு அருகில் இருப்பவற்றில் பல சூடேறி உருமாறியவை, சில உருகியும் போனவை. வெளியே இருப்பவை, கார்பன் கலந்த ஆதிப் பொருளைப் பெரிய மாற்றமில்லாமல் வைத்துக்கொண்டிருப்பவை. அதனால்தான் அந்தக் கருப்புக்கு இவ்வளவு மதிப்பு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தொலைநோக்கியில் ஒரு மங்கலான புள்ளி தெரிகிறது. அது வெளிச்சமான சின்னக் கல்லாகவும் இருக்கலாம், கரிய பெரிய கல்லாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து மட்டும் பிரிக்கவே முடியாது. வெப்பத்தை அளந்தால்தான் தெரியும். கரியது வெயிலை அதிகம் வாங்கிக்கொள்ளும், அகச்சிவப்பில் அந்தச் சூடு காட்டிக்கொடுத்துவிடும். அப்படி அளந்து, பிறகு பெரிய தொலைநோக்கிகளில் உருவத்தையும் பார்த்து, இன்று சில்வியாவின் சராசரி விட்டம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர் என்கிறார்கள். பட்டையில் உள்ள பெரியவை பத்தில் அது ஒன்று. 1866 மே 16 அன்று, கத்திரி வெயில் காலத்து இரவு ஒன்றில், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் அதைக் கண்ட நார்மன் ராபர்ட் பாக்சனுக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குக் கிடைத்தது, வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்விமேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட, அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன பதில்மேல்.

“யாரோ ஒரு வெள்ளைக்காரர்.” வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து யார் பார்த்தார்கள் என்று கேட்பதே அபூர்வம். எவ்வளவு தூரம், எவ்வளவு எடை, தேர்வுக்கு வருமா என்றுதான் கேட்பார்கள். இவள் ஆளைக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கலாம். பாக்சன் என்று சொன்னதோடு நிறுத்தாமல், அவர் 1861இலிருந்து 1891இல் இறக்கும்வரை சென்னையிலேயே அரசு வானியலாளராக இருந்தவர் என்று சொல்லுங்கள். நட்சத்திரங்களின் பிரகாசத்துக்கு உலகம் முழுக்க இன்று பயன்படும் அளவுகோலை 1856இல் முன்வைத்தவரும் அவர்தான்: ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. சில்வியாவின் மங்கலை இன்று அளப்பதும் அவர் கோலால்தான். அவர் மகள் ஐசிஸ் அதே வானாய்வகத்தில் கால் நூற்றாண்டு வேலை பார்த்தார். அந்த மாணவிக்கு இதுவும் தெரிய வேண்டும்.

அடுத்து, பெருமை. உங்களிடம் இருக்கும் பெருமை எப்படிப்பட்டதென்றால், ‘நாம்தான் முதலில் கண்டோம்’ என்றால் நெஞ்சு விரியும், ‘அவர்கள் கண்டார்கள்’ என்றால் சுருங்கும். அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவரிடம் இருப்பதும் இதேதான். நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. பதினைந்து அடி உயரம். 1792இல் கட்டிய வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய தூண். கணித அறிவியல்களை ஆசியாவில் முதன்முதலாக நட்டது ஆங்கிலேயரின் தாராள மனசு, ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களும் அதை அறியட்டும் என்று அதில் பொறித்து வைத்தார்கள். தமிழிலும் எழுத்துகள் உண்டு. அந்த வாசகமும் பச்சைப் பொய். கல்லில் வெட்டியதால் அது உண்மையாகிவிடாது.

அது பொய் என்பதற்குச் சாட்சி எங்கே கிடைக்கிறது தெரியுமா? அதே வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட நூலில். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், காகிதமும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும், வாய்ப்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லியும், ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் சில நிமிடம்தான் பிழை. முடியும் நேரத்தில் பிழை அதிகம். வாரன் இரண்டையும் குறித்து வைத்தார். அதனால்தான் இன்று நாம் அந்தக் கணிதரைப் பற்றிப் பேச முடிகிறது.

இங்கேதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது. கணிக்கிற மூளை நம்மிடம் இருந்தது, வாய்ப்பாடு முழுவதையும் மனசில் சுமக்கிற நினைவாற்றல் இருந்தது. கிரகணம் முடிந்த பிறகு, கணக்கு எவ்வளவு தவறியது என்று எழுதி வைத்து, அடுத்த கணக்கைத் திருத்துகிற பழக்கம் எங்கே விட்டுப்போனது? ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் பழைய வாய்ப்பாட்டை நம்பும் வாக்கியமா, வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதமா என்று இன்றும் சண்டை போடுகிறோமே. வானத்தைப் பார்த்தால் சனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்க்க மனசில்லை.

பார்க்கச் சொன்ன ஒருவர் நம்மிடையே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பாக்சனுக்குக் கீழே அதே வானாய்வகத்தில் உதவியாளர். 1867இல், அதாவது சில்வியா கண்டுபிடிக்கப்பட்ட மறு வருடம், பிரகாசம் கூடிக் குறைகிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். 1868 சூரிய கிரகணத்தின்போது இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குப் போய் அளந்தார், 1871 கிரகணத்துக்கு அவினாசிக்கு. 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார், இந்தியர்களில் முதல்வர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி அதைப் பற்றி எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட வைத்தார். வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள் என்று பஞ்சாங்கக்காரர்களிடம் மன்றாடி, தானே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். 1880இல் இறந்துவிட்டார். சென்னையில் ஒரு தெருவில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இவர் இருக்கிறார். இல்லாத சித்தர் பாடலைத் தேடுகிற நேரத்தில் இருக்கிற ஆளைத் தேடலாம்.

ஒரு சிறுகோளைக் ‘கண்டுபிடிப்பது’ ஓர் இரவின் வேலை இல்லை நண்பரே. அந்தக் காலத்தில் புகைப்படத் தகடு வைத்துத் தேடும் முறையே கிடையாது. வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, கூடுதலாக ஒரு புள்ளி இருந்தால் அதன் இடத்தை அளந்து எழுத வேண்டும். மறுநாள் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அதையும் அளந்து எழுத வேண்டும். அளவுகள் போதவில்லை என்றால் சுற்றுப்பாதை கணிக்க முடியாது, கல் தொலைந்துபோகும். ஏத்ரா என்ற சிறுகோளை 1873இல் கண்டார்கள். அப்புறம் 1922 வரை அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சில்வியா தொலையவில்லை என்றால், அளந்து எழுதிய கைகள்தான் காரணம்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் ஓர் அணைக்கட்டில் வேலை பார்த்தார். பயணியர் மாளிகை வளாகத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அதை அளப்பது அவர் வேலை. புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கண்ணாடி அளவுகோப்பையில் ஊற்றி, தோளில் கிடக்கும் துண்டால் கோப்பையின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் நடுவில் குழிந்து நிற்குமே, அந்தக் குழியின் அடியைக் கண் மட்டத்தில் வைத்துப் படிப்பார். பிறகு நோட்டில் ஏற்றுவார். சித்திரை வெயிலிலும் போவார். “மழையே பேயல, எதுக்கு இந்த வெயில்ல போறீங்க?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். “பேயலன்னு எழுத வேண்டாமா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பக்கம் பக்கமாக அந்த நோட்டில் சுழியம் இருக்கும். ஒவ்வொரு சுழியத்துக்கு எதிரேயும் அவருடைய கையெழுத்து.

பிறகு அந்த அலுவலகத்தை இடித்துக் கட்டியபோது நோட்டுகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போய்க் கேட்டபோது, “அதுல என்ன சார் இருக்கு, வெறும் நம்பர்தானே” என்றார் அங்கிருந்தவர். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் குரலை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘இவ்வளவு தெரிந்து என்ன ஆகப்போகிறது’ என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்ததும் அந்தக் குரல்தான் எனக்குக் கேட்டது. என் கடுமைக்குக் காரணம் அது.

என்ன ஆனது என்று சொல்கிறேன். 2001இல் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கி வழியாக சில்வியாவுக்கு ஒரு நிலவு இருப்பதைக் கண்டார்கள். 2004இல் சிலியின் பெரிய தொலைநோக்கியில் எடுத்த படங்களில் இரண்டாவதும் கிடைத்தது. இரண்டு நிலவுகள் கொண்ட சிறுகோள் என்று அதற்கு முன் ஒன்றுகூடத் தெரியாது. ரோமப் புராணத்தின் ரியா சில்வியா பெற்ற இரட்டையர் பெயரையே வைத்தார்கள், ரோமுலஸ், ரெமுஸ். ரோமுலஸ் சுமார் 1,350 கிலோமீட்டர் தூரத்தில் மூன்றரை நாளுக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. தூரமும் நேரமும் கிடைத்தால் நடுவில் இருப்பதன் நிறை கிடைத்துவிடும். இதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம், போடச் சொல்லுங்கள். நிறையைப் பருமனால் வகுத்தால் வருகிற அடர்த்தி, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பாறைக்கு இது மிகக் குறைவு. ஒரே கல்லாக இருக்க முடியாது. ஏதோ ஒரு பெரிய மோதலில் நொறுங்கி, தன் ஈர்ப்பாலேயே மறுபடி ஒன்றுசேர்ந்த கற்குவியல், உள்ளே நிறைய வெற்றிடம். சிதறியதில் ஒட்டாமல் நின்றவைதான் அந்த நிலவுகள் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த பாடத்துக்கு 107 கமில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் பட்டையின் வெளி ஓரம், அதுவும் கரியது, அதற்கும் இரண்டு நிலவுகள். 1868 நவம்பரில் பாக்சன் கண்டது, அதே நுங்கம்பாக்கத்தில். ரகுநாதாச்சாரி வனபர்த்தியில் கிரகணம் அளந்துவிட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் முழுதாக எழுதிப் போடுங்கள்.

அன்புடன்.