'யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்' என்று ஒரு மாணவி சத்தியம் வாங்கிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வது?

தனியார் பள்ளியில் உங்களுக்கு இது முதல் வருஷம். வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறார் என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெள்ளிக்கிழமை உங்களிடம் அழுதிருக்கிறாள். "அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது" என்று உங்கள் கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிவிட்டாள். அதைக் காப்பதா, மீறுவதா என்பதுதான் உங்கள் கேள்வி.

மீறத்தான் வேண்டும். ஆனால் மீறப்போவதை முதலில் அவளிடமே சொல்லிவிடுங்கள். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் நான் கோட்டைவிட்டேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். நன்றாகப் படிக்கிறவள், காலாண்டில் கணக்கில் சரிந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்" என்றாள். அவள் வாயைத் திறந்தால் போதும் என்ற அவசரத்தில் சரி என்றேன். கேட்ட பிறகு கை கால் ஓடவில்லை. அன்று மாலையே தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "வேலியில போற ஓணானை ஏம்மா எடுத்து மடியில விடுறீங்க, இது வீட்டு விவகாரம்" என்றார். மறுநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டு, மூன்று பேர் எதிரில் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே மிஸ்." அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என்னிடம் பேசவில்லை. கடைசியில் புகார் போனது, அவளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. நான் செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் பார்வையில் நானும் அவளிடம் பொய் சொன்ன பெரியவர்களில் ஒருத்தி.

அதனால் இப்போதெல்லாம் பிள்ளைகள் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுவேன்: "நீ சொல்றதை வகுப்புல, ஸ்டாஃப் ரூம்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் அதைத் தடுக்க முடிஞ்ச ஒருத்தர்கிட்ட சொல்லுவேன். யார்கிட்டன்னு உனக்கு முதல்ல சொல்லிடுவேன்." சிலர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அடுத்தது சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் அப்படித்தான். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைமை மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது. ஹெச்.எம். அனுமதி வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அவரிடம் சொல்லுங்கள், அது மரியாதை. 'பார்க்கலாம்' என்று அவர் இழுத்தால் நீங்களே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள், அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பள்ளியில் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தனியார் பள்ளி என்றால் அந்தப் பயம் இன்னும் அதிகம். ஆனால் இதில் வாய்மூடி இருப்பதும் உங்களைக் காப்பாற்றாது.

காவல் துறை என்றதும் அந்தப் பெண் நடுங்குவாள். அவளுக்குச் சொல்ல உங்களிடம் நல்ல செய்தி இருக்கிறது. வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாங்குவார்கள். கூடுமான வரை பெண் உதவி ஆய்வாளர்தான் வருவார், சீருடையில் வரக் கூடாது. அவள் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். அவள் பெயரோ படமோ பள்ளியின் பெயரோ ஊடகத்தில் வரக் கூடாது. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் எல்லாம் இவ்வளவு சுத்தமாக நடக்கிறதா என்றால், எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் சட்டம் தெரிந்த ஒரு ஆசிரியை பக்கத்தில் நின்றால் நிறைய மாறும்.

நீங்கள் துப்பறிய வேண்டாம். 'எப்போ, எத்தனை தடவை' என்று கிண்டாதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதியோடு, இன்றைக்கே எழுதி வையுங்கள். அந்த உறவினரைக் கூப்பிட்டு விசாரிக்கும் வேலை கூடவே கூடாது. ஹெச்.எம்., தாளாளர், கவுன்சிலர் என்று ஒவ்வொருவர் முன்பும் அவளை நிறுத்திச் சொல்ல வைப்பதைத் தடுங்கள். நான் தடுக்காமல் விட்டது அதைத்தான்.

ஆனால் பிள்ளைகள் சொல்லும் ரகசியம் எல்லாம் இந்த வகை இல்லை. ஒருவனுக்குக் காதல், ஒருத்திக்கு மார்க் ஷீட்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்ட பயம். இதையெல்லாம் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னால் அன்றைக்கு அடிதான் விழும். அவை என்னோடு இருக்கும். 'செத்துடலாம் போல இருக்கு' என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் அதுவும் ரகசியம் இல்லை. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவளைத் தனியே விடாமல், வீட்டாரை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

நாளை திங்கள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே அவளைப் பாருங்கள், வகுப்பில் எல்லார் முன்பும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். "சத்தியம் பண்ணினது என் தப்பு" என்று தொடங்குங்கள். அழுவாள், கோபப்படுவாள். பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் 1098.