வெண்பட்டுக் கூட்டில் நூல் அறுகிறது: சீன முட்டை வாங்கலாமா?

கேள்வி: 150 முட்டைத் தொகுதி வாங்கி வெண்பட்டுப் புழு வளர்த்தேன். ஐப்பசி அடைமழை என்பதால் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிப் பொத்தி வைத்தேன். நோய் இல்லை, எடையும் குறையவில்லை. ஆனால் பட்டுக்கூடு அங்காடியில் "நூல் அறுகிறது" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். சீனப் பட்டு அறுவதே இல்லையாம். மருந்துக் கடைக்காரர் ஒருவர் சீன முட்டை வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். இலையில் தெளிக்க டானிக்கும் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? ஆறு கூடுகள் அனுப்பியிருக்கிறேன்.
- உடுமலைப்பேட்டை பக்கத்து விவசாயி

பதில்: முட்டை வேண்டாம் தம்பி. அனுமதி பெற்ற வித்தகத்துக்கு (புழு முட்டை தயாரிக்கும் நிலையம்) வெளியே வரும் முட்டையில் பெப்ரைன் நோய் இருக்கிறதா என்று யார் சோதித்தார்கள்? தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்குள்ளேயே இறங்கும் நோய் அது. அப்படி விற்பவர் உங்கள் கொட்டகையோடு பக்கத்துத் தோட்டத்தாரின் கொட்டகையையும் கெடுக்கிறார். டானிக்கையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கூடு கெட்டது புழு இலை தின்பதை நிறுத்திய பிறகு. இலையில் எதைத் தெளித்து என்ன பயன்?

நீங்கள் அனுப்பிய கூடுகளை வெந்நீரில் போட்டு, ஈர்க்குச்சியால் நுனி பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒரு முழம் வந்தது, அறுந்தது. மறுபடி நுனி தேடினால் நாலு விரற்கடைதான். நல்ல வெண்பட்டுக் கூட்டில் ஒரே இழை 1000 மீட்டர் ஓட வேண்டும். இரண்டு கூடுகளின் அடியில் தேநீர் சிந்தியது போல மஞ்சள் கறை, புழுவின் மூத்திரம்.

புழு தலையை எட்டுப் போட்டு இழை விடும்போது அதன்மேல் செரிசின் என்ற பசை ஈரமாக இருக்கும். சட்டென்று காய்ந்தால் அடுக்குகள் தனித்தனியாக நிற்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, வெந்நீரிலும் விடாது. உங்கள் நூலை அறுத்தது அந்தத் தார்ப்பாய்தான்.

சீனாக்காரனிடம் வாங்க வேண்டியது ஒன்று உண்டு, அது முட்டை அல்ல. சோங் யிங்ஷிங் என்ற சீன அறிஞர் 1637இல் எழுதிய 'தியான்கோங் காய்வு' என்ற தொழில்நுட்பப் புத்தகத்தில், பட்டுக்குப் பேர்போன ஜியாஷிங், ஹூஜோ ஊர்களின் முறை இருக்கிறது. இழை இரண்டு முறை உலர வேண்டும் என்கிறார்: புழுவின் வாயை விட்டு வரும்போது ஒன்று, வெந்நீர்ச் சட்டியிலிருந்து ராட்டைக்கு ஏறும்போது இன்னொன்று. கூடு கட்டும் தட்டிகளுக்கு அடியில் நாலைந்து அடிக்கு ஒரு கரிச்சட்டி. முதலில் இளஞ்சூடு, அந்தக் கதகதப்பில் புழு அலையாமல் உடனே கட்டத் தொடங்கும். கூடு உருவானதும் கரியைக் கூட்டுவார்கள். அறைக்கு மேல்தளப் பலகை ஆகாது. கீழே நெருப்பு, மேலே காற்று. ராட்டைக்குப் பக்கத்திலும் ஒரு கரிச்சட்டி. அந்த ஊர்த் துணியை நூறு முறை துவைத்தாலும் தாங்கும், நெருப்பும் காற்றும் படாத பெட்டிக்குள் கட்டவிடும் ஊர்களின் துணி சீக்கிரம் இற்றுப்போகும் என்று எழுதியிருக்கிறார். புழு வளரும் மாதத்தில் வெளியாள் வரக்கூடாது என்று கதவைச் சாத்திய பகுதி அது. ஆனாலும் கூடு கட்டும்போது காற்றைத் தடுக்கவில்லை.

நம் ஆட்கள் செய்யும் தவறு இங்கேதான். சாக்கிப் புழுவுக்கு (முதல் இரண்டு பருவ இளம்புழு) 80-85 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று கற்றுக்கொண்டு, அதே கையோடு கடைசி வரை பொத்துகிறார்கள். கூடு கட்டும்போது 60-65 போதும், வெப்பம் 24-25 டிகிரி. புழு கட்டத் தொடங்குமுன் உடம்பில் மிகுந்த நீரை வெளியேற்றும். ஆயிரக்கணக்கான புழுக்கள் விடும் ஈரம் போக வழி வேண்டாமா? நானும் ஒரு கார்த்திகையில் இப்படிப் பொத்தி ஒரு வளர்ப்பு முழுவதையும் கெடுத்துக்கொண்டவன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கரிச்சட்டியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிய கொட்டகையில் கரிப்புகை ஆளையே கொல்லும். மேல் சன்னல்களைத் திறந்து, எதிர்ச்சுவரில் காற்று வெளியேற்றும் மின்விசிறி வையுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய், அதுவும் சுவரை ஒட்டாமல் சரிவாக. நெட்ரிகாவுக்கு (புழு கூடு கட்ட ஏறும் பிளாஸ்டிக் தட்டி) அடியில் செய்தித்தாள் விரித்து மறுநாள் உருவிவிடுங்கள். சதுர அடிக்கு 40-50 புழுவுக்கு மேல் விடாதீர்கள்; நெருக்கினால் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடாகக் கட்டும் இரட்டைக் கூடு வரும். புழுவைத் தட்டியில் ஏற்றிய ஆறாம், ஏழாம் நாளில் கூட்டைக் காதருகே உலுக்கிப் பாருங்கள். உள்ளே கூட்டுப்புழு கலகலவென்று உருண்டால் அறுவடை செய்யலாம்.

டானிக்குக்குக் கொடுத்த பணம் திரும்ப வந்தால் ஒரு ஈரப்பதமானி வாங்கி நடுத்தூணில் மாட்டுங்கள். அடுத்த வளர்ப்பில் கூடு கட்டும் மூன்று நாளும் காலை, இரவு அளவைக் குறித்து, அந்தத் தாளோடு இன்னும் ஆறு கூடு அனுப்புங்கள். இழுத்துப் பார்த்து எழுதுகிறேன்.